வளைந்து வந்த உளிகள்

வேணுகோபால் சாக்கை அவிழ்க்கக்கூட இல்லை. அடியைப் பிடித்துத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்தான். ஷெட் வாசலில் கல் உளிகள் கலகலவென்று கொட்டின. ஒன்று உருண்டு வந்து ஜகதீசன் செருப்பில் முட்டி நின்றது.

"பாருங்க மேஸ்திரி. உங்க கை வேலைதானே? நல்லாப் பாருங்க."

ஜகதீசன் குனியவில்லை. நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. உளிமுனைகள் எல்லாம் கிளி மூக்கு மாதிரி மடங்கிக் கிடந்தன.

"மாதாப்பூர்ல நாங்க பாறை உடைக்கிறோமா, பலாப்பழம் உரிக்கிறோமா? நாலு அடி அடிச்சா மூஞ்சியைத் திருப்பிக்குது. என் ஆளுங்க சிரிக்கிறாங்க. அந்த இன்ஜினீர் பொடியன், மெஷின் கொண்டாரேன், நீங்க மூட்டை கட்டுங்கன்றான்."

"என் தோய்ச்சல்ல குறை இருக்காது."

"அப்ப எதுல குறை?"

"இரும்புல."

"அதை உங்க இரும்புக்காரன்கிட்ட சொல்லுங்க. எனக்கு உளி வேணும்," என்று சொல்லிவிட்டு வேணுகோபால் வண்டியைக் கிளப்பினான். சாக்கைக்கூட எடுத்துக்கொண்டு போகவில்லை.

அது இரண்டாயிரத்து மூன்றாம் வருஷத்து மே மாதம். ஊரில் திரும்பின பக்கமெல்லாம் கம்ப்யூட்டர் ஆபீஸ் முளைத்தது. அதற்கு இடம் வேண்டுமென்று, சும்மா கிடந்த பாறைகளையெல்லாம் உடைத்தார்கள். பாறை உடைக்க உளி வேண்டும், அதனால் சனத்நகரில் ஜகதீசன் ஷெட்டில் உலை அணையவில்லை. எல்லாம் இருந்தது. குழாயில் தண்ணீர்தான் இல்லை.

ஜகதீசனுடைய அப்பா ஆற்காட்டுப் பக்கத்துக் கொல்லர். வெள்ளைக்காரன் காலத்தில் செகந்திராபாத் வந்து, லாலாகுடா ரயில்வே பட்டறையில் சேர்ந்தவர். ஜகதீசனும் அங்கேதான் வேலை பார்த்தார். ரிட்டையர் ஆனதும் இந்தத் தகர ஷெட்டைப் போட்டுக்கொண்டார். படிப்பு அஞ்சாம் கிளாஸ். மனுஷர்களை நம்பக் கூடாது என்பதை அதற்கு முன்னாலேயே கற்றுக்கொண்டிருந்தார்.

இரும்பை அடித்து நீட்டுவது யாருக்கும் வரும். தோய்ச்சல் எல்லோருக்கும் வராது. உளியின் முனையை உலையில் சிவக்கக் காய்ச்சி, ஒரு விரல் நீளம் மட்டும் உப்புத் தண்ணீரில் முக்க வேண்டும். முனை கண்ணாடி மாதிரி இறுகிவிடும். அப்படியே விட்டால் பாறையில் பட்டதும் தெறித்துப்போகும். அதனால் வெளியே எடுத்துக் கல்லில் பளபளவென்று தேய்த்துவிட்டுக் கண் கொட்டாமல் பார்க்க வேண்டும். தண்டில் மிச்சமிருக்கும் சூடு முனையை நோக்கி ஊர்ந்து வரும். முதலில் வைக்கோல் மஞ்சள், அப்புறம் பழுப்பு, அப்புறம் கத்தரிப்பூ நிறம். அந்த நிறம் முனையைத் தொடுகிற நேரத்தில் மறுபடி தண்ணீரில் விட வேண்டும். கொஞ்சம் முந்தினால் உடையும், கொஞ்சம் பிந்தினால் மடங்கும்.

இந்தத் தண்ணீரைப் பற்றித்தான் உலகத்துக் கொல்லர்கள் காலங்காலமாகப் பொய் சொல்லி வந்திருக்கிறார்கள். ஆட்டு மூத்திரத்தில் முக்கினேன் என்றான் ஒருத்தன். பாம்பு ரத்தம் என்றான் இன்னொருத்தன். காய்ச்சின கத்தியை அடிமையின் வயிற்றில் குத்திப் பதம் போட்டதாக ராஜாக்கள் கதை விட்டார்கள். இந்தத் தெலங்கானாவிலேயே மண் மூசையில் எஃகு உருக்கி, பாரசீகத்து வியாபாரிகள் தேடி வந்து வாங்குகிற அளவுக்குச் செய்த ஊர்கள் இருந்தன. அவர்களும் ரகசியம் ரகசியம் என்று பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டு செத்துப்போனார்கள். ஜகதீசனின் அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "நல்ல தண்ணி, கல்லுப்பு, தொட்டியைக் கழுவாதே. போதும்டா."

கழுவக் கூடாது என்றதற்கும் காரணம் இருந்தது. புதுத் தண்ணீரில் காற்று இருக்கும். அந்தக் குமிழி இரும்பில் ஒட்டிக்கொண்ட இடம் இறுகாது. ஆகவே தொட்டியைக் காலி செய்வதில்லை, குறைந்ததை மட்டும் ஊற்றி நிரப்புவார்கள். ஆயுத பூஜைக்கு ஷெட்டில் அத்தனையையும் கழுவிப் பொட்டு வைப்பார்கள். தொட்டிக்கு வெளிப்பக்கம் மட்டும்தான் பொட்டு.

அந்தத் தொட்டியை ஜகதீசன் வேறு யாரையும் தொட விட்டதில்லை. டேங்கர் தண்ணீர் ஊற்றலாமா என்று கேட்டவனிடம், "அவன் எந்தச் சாக்கடையில மொண்டு வர்றானோ," என்றார். வீட்டிலிருந்து தானே கேனில் பிடித்து, பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்து ஊற்றினார். இத்தனை கண்காணிப்பு இருக்கும்போது தப்பு எப்படி ஷெட்டுக்குள் வரும்? வெளியேதான் இருக்க வேண்டும். இரும்பு கொடுத்தவன் முகமது யூசுப்.

மடங்கின உளி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு ஜகதீசன் கிளம்பினார்.

யூசுப் வாணியம்பாடிக்காரர். பழைய இரும்பு யார்டு வைத்திருந்தார். ரயில்வே ஏலத்தில் வேகன் ஸ்பிரிங் எடுப்பார், லாரி ஸ்பிரிங் பட்டை எடுப்பார். சனத்நகர் தொழில் எஸ்டேட்டில் சுத்தியல், ஸ்பானர், உளி செய்கிற அத்தனை பேரும் அவரிடம்தான் வாங்கினார்கள். சாயங்காலமானால் பஸ் ஸ்டாப் பக்கத்து இரானி ஹோட்டலில் ஜகதீசனும் அவரும் ஒரே மேஜை. தினமும் சண்டை போட்டுக்கொண்டே சாய் குடிப்பார்கள்.

"வா மேஸ்திரி, வா. மூஞ்சி உலை மாதிரி இருக்கே?" என்றார் ஹோட்டல் மேஜையிலிருந்த யூசுப்.

ஜகதீசன் உளியை மேஜைமேல் அடித்தார். சாசர் துள்ளியது.

"நீ குடுத்த இரும்பு! ரயில் ஸ்பிரிங்குன்னு சொல்லி என்னத்தைய்யா குடுத்தே? கட்டில் கம்பியா?"

"கைக்கு? ஏன் கத்துறே? காஜிப்பேட்டை ஏலத்துல எடுத்த மால் அது. நீயேதான் சாணையில வச்சுத் தீப்பொறி பாத்து எடுத்தே."

"மேல நல்லதை வச்சே, அடியில குப்பையை வச்சே."

"நக்கோ மேஸ்திரி, அப்படிப் பேசாதே. எனக்கு அந்தப் பழக்கம் இல்லைன்னு உனக்குத் தெரியும். அல்லா சத்தியமா சொல்றேன்..."

"அல்லாவை ஏன்யா இழுக்கிறே? உங்க ஆளுங்க புத்தியே இதுதான். கூட இருந்தே கழுத்தறுக்கிற புத்தி."

ஸ்பானர் பட்டறை பாலச்சந்திரன் பிஸ்கட்டைச் சாயில் முக்கினவர் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். அது ஊறி உள்ளே விழுந்தது. சாய் ஊற்றிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

யூசுப் ஜகதீசனின் முகத்தைப் பார்த்தார், உளியைப் பார்த்தார். பாதி சாயை வைத்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

சனத்நகரில் இரும்பு, தோய்ச்சல் என்று வந்துவிட்டால் ஜகதீசன் சொன்னது தீர்ப்பு. முதலில் பாலச்சந்திரன் யூசுப்பிடம் வாங்குவதை நிறுத்தினார். பிறகு சுத்தியல் செய்கிறவர்கள். யார்டில் லாரி அசையாமல் நின்றது. யூசுப் தன் ஆட்களைக் கொஞ்ச நாள் ஊருக்குப் போய் இருங்கள் என்று அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். ஜகதீசன் காதில் விழுந்தது. நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டார்.

மூசாப்பேட்டையில் வேறொரு ஆளிடம் புதுக்கம்பி வாங்கி உளி அடித்தார். வேணுகோபால் அந்தச் சாக்கையும் கொண்டுவந்து கொட்டினான்.

"இவனும் திருடன்," என்றார் ஜகதீசன்.

சம்மட்டி அடிக்கிற ரகுநாதன் கையிலிருந்ததைக் கீழே வைத்தான். ஐம்பதைத் தாண்டினவன், லாலாகுடாவிலிருந்தே கூட இருக்கிறவன். "அண்ணே, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. தண்ணியில விட்டா இரும்பு முன்னெல்லாம் வீல்னு கத்தும். இப்ப முனகுது."

"இரும்பு கெட்டதா இருந்தா முனகாம பாட்டா பாடும்? சம்மட்டி வேலையைப் பாருடா!"

ரகுநாதன் சம்மட்டி வேலையைப் பார்த்தான்.

ஜகதீசன் குடியிருந்தது குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில். மகன் தமிழ்ச்செல்வன் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வீடு அவன் வாங்கியது. மருமகள் சுபாஸ்ரீ திருச்சிப் பெண், அவளும் வேலைக்குப் போகிறவள். குடிதண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். அந்தக் குடங்களுக்கு ஜகதீசனின் சம்சாரம் ராஜம் காவல். உளிக்குத் தண்ணீர் கேட்டால் ராஜம் என்ன சொல்வாள் என்று அவருக்குத் தெரியும். ஆகவே கேட்கவில்லை. பின்பக்கத்து பால்கனியில் பெரிய டிரம்மில் தண்ணீர் நின்றது. பார்க்கத் தெளிவாக இருந்தது. வீட்டில் எழுந்திருப்பதற்கு முன்னால் கேனை அதில் அமுக்கி நிரப்பிக்கொண்டு போய்விடுவார். கோடை தொடங்கினதிலிருந்தே இதுதான் நடந்துகொண்டிருந்தது.

அன்றைக்கு சுபாஸ்ரீ சீக்கிரம் எழுந்துவிட்டாள். பால்கனியில் நின்று மாடி வீட்டைப் பார்த்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். "மைதிலி அக்கா, உங்க வேலைக்காரம்மாதான் எடுக்குதுன்னு நான் சொல்லலை. ஆனா டிரம்மு தானா குறையுமா?"

திரும்பினாள். மாமனார் கேனோடு நின்றார்.

"மாமா! நீங்களா?"

"ரெண்டு கேன் தண்ணி. அதுக்கு என்னா இப்ப?"

"அது மெஷின் தண்ணி மாமா."

"என்ன மெஷின்?"

"வாஷிங் மெஷின். துணி அலசிட்டு விடுற கடைசித் தண்ணி. பாத்ரூமுக்கு ஊத்தலாம்னு பிடிச்சு வைக்கிறேன். சோப்பு இருக்கும், துணி மிருதுவாகறதுக்கு ஒரு மருந்து வேற ஊத்தறேன்." அவள் முகம் மாறியது. "ஐயோ, குடிச்சீங்களா மாமா?"

ஜகதீசன் கேனின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். நிலக்கரிப் புகையில் பாதி செத்த மூக்கு. உற்று இழுத்தபோதுதான் தெரிந்தது, ஏதோ பூ வாசனை.

"கேட்டா வாய் தேஞ்சா போயிடும் இந்த மனுஷனுக்கு?" என்று சமையலறையிலிருந்து ராஜம் கேட்டாள். "சொந்த வீட்டுலயே திருடிட்டுப் போறாரு, பாரு!"

அன்று கேனில்லாமல் பஸ் ஏறினார். சோப்புத் தண்ணீரில் காய்ச்சின இரும்பை விட்டால் என்ன ஆகும் என்பது லாலாகுடாவில் முதல் வாரத்திலேயே அப்பா சொல்லிக் கொடுத்தது. தொட்டியில் கை கழுவினவனை ஃபோர்மேன் அங்கேயே அறைந்ததைக் கண்ணால் பார்த்தவர். சோப்பு கலந்தால் இரும்பைச் சுற்றி ஆவி போர்வை மாதிரி நின்றுவிடும். தண்ணீர் தொடாது, இரும்பு இறுகாது. நுரை வந்திருந்தால் கண்டுபிடித்திருக்கலாம். அள்ளி அள்ளிப் போட்ட கல்லுப்பு நுரையைக் கிளம்ப விடவில்லை.

ஷெட்டில் நுழைந்ததும் ஒரு வாளி டேங்கர் தண்ணீர் வாங்கி வரச் சொன்னார். ரகுநாதன் அவரை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டுப் போனான். அதை உலைமேல் வைத்துக் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, உப்புப் போட்டார். மூலையில் கிடந்த, யூசுப் கொடுத்த ஸ்பிரிங் துண்டு ஒன்றைக் காய்ச்சி உள்ளே விட்டார்.

வீலென்று கத்தியது.

எடுத்து அரம் போட்டார். இரும்பு இறுகியிருந்தது, கண்ணாடிமேல் போட்ட மாதிரி அரம் கடிக்காமல் வழுக்கிக்கொண்டு போனது. மறுபடி போட்டார். வழுக்கியது.

ஜகதீசன் அரத்தைச் சுவரில் விட்டெறிந்தார். தொட்டியை ஓங்கி உதைத்தார், கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்தது. தொட்டியைச் சாய்த்து அத்தனை தண்ணீரையும் சாக்கடையில் கொட்டினார். ரகுநாதன் பக்கத்தில் வரவில்லை.

அப்புறம்தான் மெதுவாகச் சொன்னான். "யாருக்குத் தெரியும்ணே? தண்ணியை மாத்தியாச்சு, இனிமே உளி நல்லா வரும். புது இரும்பு வந்துச்சு, சரியாப்போச்சுன்னு சொல்லிடலாம். பாய்கிட்ட மட்டும் தனியாப் போய்..."

ஜகதீசன் அவனைத் திட்டவில்லை. அதுதான் ரகுநாதனுக்கு ஆச்சரியம். திட்டாததற்குக் காரணம், அவரும் அதையே யோசித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கெட்டது என்று சொன்னால் ஷெட்டின் பேர் போகும். சொல்லாமல் இருந்தால் யூசுப்பின் பேர் மட்டும் போகும், அது ஏற்கெனவே போய்விட்டது. வேணுகோபாலுக்கு நல்ல உளி போனது. அவன் வாய் மூடிற்று. ஜகதீசனும் வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தார்.

பாலச்சந்திரன் வந்து கெடுத்தார். ஸ்பானர்களைத் தோய்ச்சலுக்குக் கொண்டுவந்தவர், உட்கார்ந்து வெற்றிலையை மடித்தார்.

"பாய் யார்டையே மூடப்போறார்னு பேச்சு மேஸ்திரி. போகட்டும், நல்லதுதான். அன்னிக்கு நீங்க சொன்னீங்க பாருங்க, அவங்க ஆளுங்க புத்தியே கழுத்தறுக்கிற புத்தின்னு. நூத்துக்கு நூறு. நானும் எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்லிட்டிருக்கேன்."

தன் வாயிலிருந்து போனது இன்னொருத்தன் வாயில் வெற்றிலைச் சாற்றோடு திரும்பி வந்தது. தொண்ணூறாம் வருஷக் கலவரத்தில் ஊரடங்கு போட்டபோது யூசுப் லாலாகுடாவில் இவர்களுடைய குவார்ட்டர்ஸில்தான் இருந்தார். ராஜம் சோறு போட்டாள். வாசலில் வந்து உள்ளே யார் என்று கேட்டவர்களிடம் சம்மட்டியோடு போய் நின்று, என் அண்ணன் என்று சொன்னவர் இதே ஜகதீசன்தான்.

"எழுந்து வெளியே போய்யா," என்றார்.

"என்ன மேஸ்திரி?"

"போய்யான்னா! உன் ஸ்பானரையும் எடுத்துக்கிட்டுப் போ!"

அன்று சாயங்காலம் இரானி ஹோட்டலுக்குப் போனார். எஸ்டேட் ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். யூசுப்பின் நாற்காலி காலி. ஜகதீசன் உட்காரவில்லை.

"எல்லாரும் கேளுங்க. யூசுப் பாய் இரும்புல ஒரு குறையும் இல்லை. குறை என் தொட்டித் தண்ணியில."

"தண்ணியில என்ன குறை மேஸ்திரி?" என்றான் ஒருவன்.

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "சோப்பு. என் மருமக துணி அலசின தண்ணி. கேக்காம எடுத்து ஊத்திட்டேன்."

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் ஹோட்டல் குலுங்கியது. ஒருவன் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். பாலச்சந்திரனுக்கு மத்தியானக் கணக்கைத் தீர்க்க வழி கிடைத்தது. "அடுத்த வாட்டி கொஞ்சம் நீலம் போடுங்க மேஸ்திரி, உளி பளிச்சுனு வரும்!"

"சிரிங்கடா. நல்லா சிரிங்க," என்றார் ஜகதீசன். "சிரிச்சு முடிச்சிட்டு நாளைக்குக் காலையில பாய் யார்டுல போய் நில்லுங்க. நிக்காதவன் சாமான் எதுவும் என் உலைக்கு வரக்கூடாது."

மறுநாள் வெள்ளிக்கிழமை. மத்தியானம் யார்டுக்குப் போனார். யூசுப் இரும்புக் குவியலுக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், வெள்ளை ஜிப்பா, தொப்பி. வா என்று சொல்லவில்லை.

"கேள்விப்பட்டேன்," என்றார். "காலையிலயே மூணு பேர் வந்துட்டாங்க. என் இரும்பு மறுபடி நல்ல இரும்பாயிடுச்சாம். சந்தோஷம்."

"தப்பு என்னோடது பாய்."

"தண்ணியோடதுன்னு சொன்னியாமே."

"ஊத்தினது நான்தானே."

"ஹவ். சரி. உளி மடங்கினதுக்குத் தண்ணி காரணம். உங்க ஆளுங்க புத்தின்னியே மேஸ்திரி, அதுக்கு எந்தத் தண்ணி காரணம்?"

ஜகதீசன் வாயைத் திறந்தார். எதற்கும் பதிலுக்குக் கத்தியே பழகின வாய். "கோபத்துல வந்துடுச்சு பாய்."

"கோபத்துல என்னை என்னென்னவோ திட்டியிருக்கே. என் லாரியைத் திட்டியிருக்கே, எங்க அப்பனைத் திட்டியிருக்கே. நானும் உங்க அப்பனைத் திட்டியிருக்கேன். இதை மட்டும் நீ திட்டினதில்லை. ஊரடங்குல உன் வீட்டுல படுத்திருந்தப்பகூட எனக்குப் பயம் இருந்ததில்லை. இது எங்கேர்ந்து வந்துச்சு?"

தூரத்து மசூதியிலிருந்து பாங்கு கேட்டது. யூசுப் எழுந்தார். "தொழுகைக்கு நேரமாச்சு. கிளம்பு, கேட்டைப் பூட்டணும்."

ஜகதீசன் ஒரு லாரிப் பட்டைமேல் உட்கார்ந்தார். "பூட்டிக்கோ."

"உள்ளயா இருக்கப்போறே? இந்த வெயில்ல செத்துக்கித்துப் போனா ராஜம் அம்மாவுக்கு யார் பதில் சொல்றது?"

"நீ பூட்டு பாய்."

"பைத்தியக்காரன்!" என்று கத்திவிட்டு யூசுப் நிஜமாகவே பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

இரும்பு கொதித்தது. நிழல் என்று ஒரு முழம் இல்லை. ஜகதீசன் அசையாமல் இருந்தார். எங்கேர்ந்து வந்துச்சு? போன வருஷம் பூராவும், அவங்க ஆளுங்களே அப்படித்தான் என்று சலூனில் பேப்பரில் கலவரச் செய்தி வாசித்தவன் சொன்னான், பஸ்ஸில் பக்கத்து சீட்காரன் சொன்னான், டிவி பார்த்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். சாணையில் வைத்துப் பொறி பார்க்காமல் ஒரு துண்டு கம்பியை ஷெட்டுக்குள் விடாத மனுஷன், இதை உள்ளே விட்டிருக்கிறார். சலூனில் ஒரு தடவை கூடச் சேர்ந்து சிரித்ததும் ஞாபகம் வந்தது. எழுந்து அந்தச் சலூன்காரனை அறைய வேண்டும் போலிருந்தது. அவனும் சிரிக்க மட்டும்தான் செய்தான். அறைவதற்கு ஆள் யாரும் அகப்படவில்லை.

கேட் திறந்தது.

"இருக்கியா?"

"இருக்கேன். கேட்டியே, சொல்றேன். ஊர்ல எல்லாரும் பேசினாங்க. நான் ஆமான்னும் சொல்லலை, வாயை மூடுங்கடான்னும் சொல்லலை. ஒரு வாட்டி சிரிச்சேன். அது உள்ளயே கிடந்திருக்கு. உன் மேல கோபம் வந்ததும் கைக்குக் கிடைச்ச கல்லு மாதிரி எடுத்து எறிஞ்சிட்டேன். எறிஞ்சது நான்தான்."

யூசுப் தொப்பியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார்.

"இரும்பு வேணும்னா ஆள் அனுப்பு, தர்றேன். சாய்க்கு நான் வர நாளாகும். நீ வந்து கூப்பிடாதே."

"எவ்வளவு நாள்?"

"அதையும் அதட்டி வாங்கலாம்னு பாக்குறியா? போ மேஸ்திரி. வீட்டுக்குப் போ."

ஜகதீசன் எழுந்தார். கால் மரத்துப்போயிருந்தது. நகம் பெயர்ந்த விரல் செருப்பில் உரசி வலித்தது. நொண்டிக்கொண்டே ரோட்டுக்கு வந்தபோது குகட்பள்ளி பஸ் வந்தது. கையைக் காட்டினார். நிற்கவில்லை, புழுதியை முகத்தில் அடித்துவிட்டுப் போனது. ரோட்டின் நடுவில் நின்று, தொண்டை கிழிய அந்த டிரைவரைத் திட்டினார். டிரைவரை மட்டும்.